ஏழு பேர் சொன்ன புத்தகம்

முதல் கோட்டைப் போட்டபோது முனிரத்தினத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டு விமர்சகர்களில் யாரோ ஒரு ஆள் சிவக்கொழுந்தின் நாவலைச் சொல்லியிருக்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும், ஊர் என்று இருந்தால் ஒருத்தனுக்கு ஒருத்தனைப் பிடிக்கத்தான் செய்யும் என்று பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். அதிலும் இருந்தது. இரண்டாவது கோடு. இரண்டு பேருக்குப் பிடிக்கக் கூடாது என்று சட்டமா என்ன. மூன்றாவது தாளில் அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் கை நின்றது. மேலே பரணிலிருந்து யாரோ குனிந்து தன் உச்சந்தலையைப் பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பழைய காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால், சாக்கைப் போட்டு மூடியபடி, பழுப்புத் தாள் சுற்றிச் சணல் கட்டி, விமர்சகர்களின் முகவரி எழுதி ஒட்டிய, அந்த நாவலின் பார்சல்கள். மொத்தம் பதினான்கு. மார்ச் மாதம் அவர் கையாலேயே கட்டியவை. ஒன்பது மாதமாக அங்கேதான் இருக்கின்றன. அப்படியானால் இந்த மூன்று பேரும் எதைப் படித்தார்கள்?

காலையில் சுடர்க்கொடி இந்தத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது இப்படி ஒரு வினை உள்ளே இருக்கும் என்று யார் கண்டது. அவள் அப்பா காலத்திலிருந்து இந்தப் பதிப்பகத்தின் கிடங்கு முனிரத்தினத்தின் பொறுப்பு. ராயப்பேட்டைச் சந்தில் முன்னறை ஆபீஸ், பின்னறை கிடங்கு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் வைத்ததுதான் சட்டம். அவளைப் பாவாடை சட்டையில் பார்த்தவர் என்பதால் முதலாளி ஆன பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான். “அண்ணே, வருஷக் கடைசியில ஆளாளுக்குச் சிறந்த புத்தகம்னு பத்துப் பத்தாப் பட்டியல் போட்டிருக்காங்க. பன்னிரண்டு பேர் போட்டதை எடுத்திருக்கேன். எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் சொல்லியிருக்காங்கன்னு கோடு போட்டுக் குடுங்க. நாலு பேருக்கு மேல சொன்னதை மட்டும் புத்தகக் காட்சியில ஸ்டால் முன்னாடி ஃபிளக்ஸ் வெக்கலாம். அடுத்தவங்க புத்தகம்னாலும் விடாதீங்க. அப்பதான் நம்புவாங்க.” அவர் தலையைச் சொறிந்தார். “நான் ஆறாவது கூடத் தாண்டலை பாப்பா. நீயே போடேன்.” அவள் சிரித்தாள். “நான் போட்டா நம்ம புத்தகத்துப் பக்கமே கை போகும். நீங்க போட்டாத் தப்பாது.” தப்பாதுதான். நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு பிரதி கூடுதல் என்றோ குறைச்சல் என்றோ ஒருவரும் அவரிடம் விரல் நீட்டியதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தபோது இனித்தது. இப்போது அதே சொல் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

நான்காவது தாள் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கம். அதில் இல்லை. அப்பாடா என்றிருந்தது. எதற்கு அப்பாடா? சிவக்கொழுந்துக்கு ஒரு கோடு குறைந்ததற்கா, தனக்கு ஒரு சாட்சி குறைந்ததற்கா? ஐந்தாவதில் இருந்தது. முதல் இடத்திலேயே இருந்தது. எழுதியவர் பேராசிரியர் மாசிலாமணி. முனிரத்தினம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். மாசிலாமணியேதான். அந்த ஆளை மறக்க முடியுமா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சிவக்கொழுந்தின் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டு விழா. மாடியில் ஒரு சின்ன அரங்கம், மின்விசிறி ஒன்று ஓடாது. எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகு சிவக்கொழுந்து மைக்கைப் பிடித்து, “இந்தப் புத்தகத்தைக் கட்டிச் சுமந்து ஊர் ஊரா அனுப்பப் போற நம்ம முனிரத்தினம் அண்ணனும் மேடைக்கு வரணும்” என்றார். அவர் கடைசி வரிசையில் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். போக மாட்டேன் என்றவரைப் பாப்பாவின் அப்பா, பெரிய முதலாளிதான் தள்ளிவிட்டார். மேடையேறினார். தோளில் சால்வை விழுந்தது. மெரூன் நிறம், கரையில் ஜரிகை. ஐம்பது அறுபது பேர் கைதட்டினார்கள். அவருக்குக் கல்யாணத்தன்று கூட யாரும் கைதட்டியதில்லை. படி இறங்கும்போது வீட்டில் மனைவி சரஸ்வதியிடம் இதை எப்படிக் காட்டுவது, பையில் மடித்து வைத்திருந்து சட்டென்று எடுப்பதா, போர்த்தியபடியே உள்ளே நுழைவதா என்று யோசித்துக்கொண்டே வந்தார். அதற்குள் வாசலில் மாசிலாமணி வந்துவிட்டார். நேரம் கழித்து வந்தாலும் பேராசிரியர் பேராசிரியர்தானே. சால்வை தீர்ந்துவிட்டது. சிவக்கொழுந்து நாலு எட்டில் இறங்கி வந்து, “அண்ணே, ஒரு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே அவர் தோளிலிருந்து அதை உருவினார். ஒரு உதறு உதறினார். அந்த உதறல்தான். எடுத்ததைக் கூடப் பொறுக்கலாம். தூசி தட்டுவதுபோல் உதறியதை எப்படிப் பொறுப்பது? அது மாசிலாமணியின் தோளில் விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள், அதே கைகள்தான். சரஸ்வதி போய் நாலு வருஷமாகிறது. அவளிடம் சால்வை போட்டதையும் சொல்லவில்லை, உருவியதையும் சொல்லவில்லை. சிலது அப்படித்தான், சொன்னால் சொன்னவனுக்குத்தான் கேவலம்.

அந்தக் கோபத்தை அவர் ஊறுகாய் மாதிரிப் பத்திரமாக வைத்திருந்தார். தண்ணீர் படாமல், ஈரக் கை படாமல். சிவக்கொழுந்து வரும்போதெல்லாம் “வாங்க சார்” என்பார், டீ வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருவார். உள்ளே அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் நாவல் வந்தது. பெயர் ‘கஞ்சித் தூக்கு’. மதிப்புரைப் பிரதி பதினான்கு என்று பாப்பா பட்டியல் கொடுத்தாள். அவர் கட்டினார், முகவரி எழுதினார், தபாலுக்குப் போகிற பையில் கூட வைத்தார். அப்புறம் ஒரு பார்சலின் மேல் தன் கையெழுத்தில் மாசிலாமணி என்று இருப்பதைப் பார்த்தார். பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். நாளைக்குப் போகட்டும். நாளை வந்தது. வேறு வேலை இருந்தது. அடுத்த வாரம் போகட்டும். அடுத்த வாரம் மேசையில் இடம் போதவில்லை என்று பரணில் ஏற்றினார். சாக்கு ஒன்றை மேலே போட்டது மட்டும் ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அனுப்ப மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான். முடிவு செய்து செய்கிற பாவத்துக்குத்தான் கணக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆறாவது தாள், கோடு. ஏழாவது, இல்லை. எட்டாவது, கோடு. மொத்தம் ஆறு. நாலு கோட்டை நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டுவதுதான் அவர் வழக்கம். கட்டின் பக்கத்தில் இப்போது ஒற்றைக் கோடு புதிதாக நிற்கிறது. மற்றப் புத்தகங்களைப் பார்த்தார். நாலைத் தொட்டது ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடுமாய்ச் சிதறிக் கிடந்தன. ஆளுக்கொரு ருசி. அது நியாயம். நூறு பேர் பந்தியில் நூறு பேருக்கும் ஒரே பொரியல் பிடித்தது என்றால் சமையற்காரனைப் பாராட்டுவதா, சாப்பிட்டவர்களைச் சந்தேகப்படுவதா? ஒருவேளை கடையில் வாங்கியிருப்பார்களோ? வாங்கட்டுமே, யார் வேண்டாம் என்றது. ஆனால் கிடங்கிலிருந்து போன ஒவ்வொரு பிரதியும் அவர் கை வழியாகத்தான் போனது. ‘கஞ்சித் தூக்கு’ போன இடங்கள் அவருக்கு மனப்பாடம். மதுரைக் கடைக்கு இருபது, அதில் பதினாறு திரும்பி வந்தது. கோயம்புத்தூருக்குப் பத்து, அப்படியே திரும்பி வந்தது. சிவக்கொழுந்தே உறவுக்காரர்களுக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டது முப்பது. தபாலில் தனியாகக் கேட்டு வாங்கியவர் ஒரே ஒருத்தி, நாகர்கோவில் ஜெபமலர் டீச்சர். அந்தப் பார்சலை அவர் அனுப்பினார். கேட்டு வாங்குகிறவருக்கு அனுப்பாமல் இருப்பது வேறு வகைத் தப்பு. அந்த வகைத் தப்பு அவருக்கு வராது.

தவிர, வாங்கிப் படித்தவர்கள் இப்படியா எழுதுவார்கள்? அவர் விரலை வரியின் அடியில் வைத்து மறுபடியும் வாசித்தார். மாசிலாமணி எழுதியிருந்தது: “ஒரு தாயின் மரணத்தை இவ்வளவு அடங்கிய குரலில் சொன்ன நாவல் அண்மையில் இல்லை.” அடுத்த ஆள்: “தாயின் மரணத்தோடு முடியும் கடைசி அத்தியாயம் உறங்கவிடவில்லை.” இன்னொருவர் சுருக்கமாக, “மரணத்தின் மகத்தான ஆவணம்.” ஆறு பேரும் கதையில் வரும் கிழவியைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருந்தார்கள். அவள் சாகவே இல்லை. முனிரத்தினத்துக்குத் தெரியும். அவர் படித்திருக்கிறார்.

அதை எப்படிச் சொல்வது. ஏப்ரலில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், பரணில் ஏறி ஒரு பார்சலை உடைத்தார். வேண்டுமென்றேதான் மாசிலாமணியின் பார்சலை உடைத்தார். என்ன கிழித்திருக்கிறான் என்று பார்க்கலாம், பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்று அச்சகத்தில் தாள் அடுக்கப் போனவர். லேபிள் படித்துப் படித்துத்தான் வாசிக்கப் பழகினார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம். சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, பக்கம் புரளாமல் தராசுப் படிக்கல்லை வைத்துப் படித்தார். கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற அம்மாவுக்கு ஒருத்தன் தினமும் பஸ்ஸில் கஞ்சி கொண்டுபோகிறான். நாலு மாதம். ஒரு நாள் பஸ் பிரேக் போட்டதில் தூக்கு கவிழ்ந்து கஞ்சி முழுவதும் ஒரு ஆபீஸ்காரன் பேண்ட்டில் கொட்டிவிடுகிறது. அவன் கத்துவான் என்று இவன் ஒடுங்கி நிற்கிறான். அவன் கத்தவில்லை. “யாருக்கு?” என்று மட்டும் கேட்கிறான். இதோ, இந்த இடத்தில்தான் முனிரத்தினம் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். கை சுத்தமாகத்தான் இருந்தது. அவருடைய அம்மா செத்த அன்றைக்கு அவர் இந்தக் கிடங்கில் நூலக ஆர்டருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தகவல் சொல்ல வந்த பக்கத்து வீட்டு ஆள் அரைமணி நேரம் வாசலில் நின்றான், வேலை முடியட்டும் என்று. யாருக்கு என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஆகஸ்டில் முடித்தார். கடைசி அத்தியாயத்தில் கிழவியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், இனி இங்கே வைத்துப் பயனில்லை என்று. பிள்ளை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறான். எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியலில் கிழவி எழுந்து, இத்தனை பேருக்கு யார் இட்லி சுடுவது என்று சலித்துக்கொண்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாவு வாங்கப் போகிறாள். அவ்வளவுதான் கதை. முனிரத்தினம் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சிவக்கொழுந்து மேல் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. உதறத் தெரிந்த கைக்கு இது எப்படித் தெரிந்தது?

ஆனால் பின்னட்டையில் என்ன போட்டிருக்கிறது? “ஒரு தாயின் இறுதி நாட்கள்.” பாப்பா எழுதியது. பாதிவரை படித்துவிட்டு அச்சுக்கு அவசரமென்று எழுதினாள். அந்தப் பின்னட்டையைத்தான் ஃபோனில் போட்டாள், வாட்ஸப்பில் அனுப்பினாள். ஆக, ஆறு பேரும் பின்னட்டையைப் படித்திருக்கிறார்கள். சரி, ஏன் இந்தப் பின்னட்டை? ஊரில் ஆயிரம் பின்னட்டை இருக்கிறதே. முனிரத்தினம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க நூல்கண்டு தானாகப் பிரிந்து வந்தது. அக்டோபரில் சிவக்கொழுந்து இந்தக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாரே. “ஒரு கல்யாணத்துல மாசிலாமணி சாரைப் பார்த்தேண்ணே. புத்தகம் வந்துச்சா சார்னேன். ஓ, வந்துச்சே, படிச்சிட்டேனய்யா, பிரமாதம்னார். எனக்குச் சோறே இறங்கலை.” அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. மாசிலாமணியின் பிரதிமேல் தன் சாம்பார்க் கறை இருப்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பாவம், மாசிலாமணியும் வேண்டுமென்று புளுகியிருக்க மாட்டார். வீடு முழுக்கப் பிரிக்காத பார்சல். வந்திருக்கும், எங்கேயோ கிடக்கும் என்று நினைத்திருப்பார். அனுப்பியாயிற்று என்று எல்லாருக்கும் பாப்பா செய்தி வேறு போட்டிருந்தாள். பந்தியில் வைத்துப் பிரமாதம் என்று சொல்லியாயிற்று, வருஷக் கடைசியில் பட்டியலில் போடாவிட்டால் சொன்ன வாய் என்னாவது? போட்டார். அவர் போட்டதைப் பார்த்ததும் அடுத்தவருக்குப் பக்கென்றிருக்கும். மாசிலாமணி படித்ததை நாம் படிக்கவில்லையா? நமக்கும்தானே அனுப்பினார்கள்? தேடியிருப்பார், கிடைத்திருக்காது, படித்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்படி ஒருவர் பின்னால் ஒருவர், ஆடு வேலி தாண்டுகிற மாதிரி. ஒரு ஆடு கூட அந்தப் பக்கம் பள்ளமா மேடா என்று பார்க்கவில்லை.

அப்புறம்தான் அது அவருக்கு உறைத்தது. பார்சல் போய்ச் சேர்ந்திருந்தால்? நாலு பேர் பிரித்துப் பார்த்திருப்பார்கள். ஒருத்தர் நடுவில் அலுத்திருப்பார். ஒருத்தருக்கு இட்லி மாவு பிடித்திருக்காது. ஒருத்தர் பழைய பகையில் ரெண்டு வரி கடித்திருப்பார். ஒரு கோடோ இரண்டு கோடோ விழுந்திருக்கும், எல்லாப் புத்தகத்துக்கும் விழுகிற மாதிரி. யாரும் படிக்காததால்தான் யாருக்கும் குறை தெரியவில்லை. குறை தெரியாததால்தான் ஒருமனதாகச் சொல்கிறார்கள். கவிழ்க்க வேண்டும் என்று கட்டி ஒளித்த நானே சிவக்கொழுந்தின் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டேனே. இதை யாரிடம் போய்ச் சொல்வது. படிக்காமல் எழுதுகிறார்கள் பார் என்று ஊரைக் கூட்டினால், உனக்கெப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். தேள் கொட்டிய திருடனுக்கு ஐயோ என்று அலறக் கூட வழியில்லை.

ஒன்பதாவது தாள் ஜெபமலர் டீச்சருடையது. அவர் அதை மட்டும் முழுதாகப் படித்தார். பத்துப் புத்தகம். ‘கஞ்சித் தூக்கு’ அதில் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: “கிழவி மாவு வாங்கப் போகும் இடத்துக்காகவே ஒரு நாவலை இரண்டு முறை வாசித்தேன். ஆனாலும் பத்துக்குள் வைக்க மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.” முனிரத்தினம் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாகர்கோவிலில் எந்தத் தெருவோ, ஒரு கண்ணாடி போட்ட அம்மா, அவர் கட்டிய சணலை அவிழ்த்து, அவர் படித்ததையே படித்து, அவர் சிரித்த இடத்தில் சிரித்திருக்கிறாள். படித்தவள் வைக்கவில்லை. படிக்காதவர்கள் வைத்திருக்கிறார்கள். கோடு போடச் சொன்ன பாப்பா இதற்கு எந்தப் பக்கம் கோடு போடச் சொல்வாள்? டீச்சரின் தாளில் ‘கஞ்சித் தூக்கு’க்குக் கோடு விழவில்லை. பத்தாவதில் இல்லை. பதினொன்றாவதில் இருந்தது. ஏழு. பன்னிரண்டாவதில் இல்லை.

மேசை இழுப்பறையில் ரப்பர் இருந்தது. நாலு கோட்டை அழித்தால் மூன்று. மூன்றுக்கு ஃபிளக்ஸ் கிடையாது. பாப்பா சரிபார்க்க மாட்டாள், அவர் போட்டால் தப்பாது. அவர் ரப்பரை எடுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தார். அழிப்பது பொய்யில்லையே, அந்த ஏழும்தான் பொய். பொய்யை அழித்தால் மெய்தானே மிச்சம்? வக்கீல் மாதிரி நன்றாகத்தான் பேசுகிறது மனசு. ஆனால் ஜூலையில் சிவக்கொழுந்து வந்து நின்ற நிற்பு குறுக்கே வந்தது. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்ற மனிதர், ஒரு காலத்தில் நல்ல தாட்டியாக இருந்தவர், சட்டை தோளில் தொங்க வந்தார். “அண்ணே, பார்சல் எல்லாம் போயிடுச்சில்ல?” “போயிடுச்சு சார்.” “ஒருத்தரும் ஒரு வரி எழுதலையே. திட்டிக்கூட எழுதலை.” முனிரத்தினம் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். “இதோட நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேண்ணே. கிணத்துல கல்லு போட்டாக்கூடச் சத்தம் வரும்.” அந்த நிமிஷம் முனிரத்தினத்துக்கு உள்ளே குளிர்ந்தது. குளிர்ந்தது என்பதை மறைக்க முடியாது. ஒன்பது வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் ஆகஸ்டில் புத்தகத்தை முடித்த நாளிலிருந்து, இந்த ஆள் இனி எழுதவே மாட்டானே என்ற நினைப்பு சாப்பாட்டு வேளையில் வந்து பக்கத்தில் உட்காரத் தொடங்கியது. பார்சலை அப்போதாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் மார்ச்சில் போனது ஏன் செப்டம்பரில் வருகிறது என்று கேட்பார்களே. பயம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம், நடுவில் பரண்.

“அண்ணே, முடிஞ்சுதா? ஃபிளக்ஸ் பிரிண்டர் நாலு தரம் ஃபோன் பண்ணிட்டான்.” சுடர்க்கொடி கதவில் நின்றாள். அவர் ரப்பரைப் பார்த்தார். ரப்பர் அவரைப் பார்த்தது. “நாலு வாங்கினது ஒண்ணு இருக்கு பாப்பா, அது வேற பதிப்பகம். அதுக்கு மேல போனது ஒண்ணே ஒண்ணு.” “எது?” “நம்ம சிவக்கொழுந்து சாரோடது. ஏழு.” அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஏழா! ஐயோ, அண்ணே!” அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இந்த மனுஷன் எழுதறதை விட்டுட்டேன்னு சொல்லிட்டுத் திரியறார். இருங்க, இப்பவே வரச் சொல்றேன்.” அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். கணக்கில் ஒரு கோடு கூட அவர் மாற்றவில்லை. அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று பார்த்தார். நிமிரவில்லை. பேசாமல் இருந்துவிடு என்றது மனசு. அந்த ஆளுக்குச் சந்தோஷம், பாப்பாவுக்குச் சந்தோஷம், மாசிலாமணிக்கு மானம். உனக்கென்ன வந்தது. பொங்கல் கழிந்ததும் ஒரு நாள் பார்சல்களைப் பிரித்துப் புத்தகங்களை அடுக்கில் சேர்த்துவிடு. யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாததுதான் தனக்குத் தெரிகிறதே, அதை எந்த அடுக்கில் வைப்பது?

திருவல்லிக்கேணியிலிருந்து வருவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முன்னறையில் சுடர்க்கொடியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவக்கொழுந்தின் குரல் கேட்கவில்லை. பிறகு நடுக்கதவு திறந்தது. அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் ஃபோன். முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று முனிரத்தினம் தயாராக இருந்தார். அது இல்லை.

“ஏழு பேராமே, அண்ணே.”

“ஆமா சார். ரெண்டு தரம் எண்ணினேன்.”

“நானும் எண்ணினேன். ஒவ்வொண்ணா வரவர வீட்டுல உட்கார்ந்து படிச்சிட்டுத்தான் இருந்தேன்.” ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். “எங்கம்மா எப்பண்ணே செத்தா?”

முனிரத்தினத்துக்குப் புரிந்தது. புரியாததுபோல் நின்றார்.

“கதையில வர்றவளைச் சொல்றேன். ஏழு பேரும் கொன்னுட்டாங்க. எனக்கே சந்தேகம் வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏதாவது ஃபாரம் மாறி, வேற புத்தகத்துப் பக்கம் அச்சாயிடுச்சான்னு.”

“சாகலை சார். மாவு வாங்கத்தானே போறாங்க.”

சொல்லிவிட்டார். வாய் முந்திக்கொண்டது. சிவக்கொழுந்து அவரையே பார்த்தார். முனிரத்தினம் ரப்பரை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். இனி உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

“சார், பார்சல் எதுவும் போகலை. பதினாலும் மேலதான் இருக்கு. தபால்ல தவறினது இல்லை. நான்தான் அனுப்பலை. ஒண்ணைப் பிரிச்சு நான் படிச்சேன்.”

சிவக்கொழுந்து பரணைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. “ஒன்பது மாசமா நான் தபால்காரனைத் திட்டிட்டிருக்கேன்” என்றார். குரல் உயர்ந்து பாதியில் உடைந்தது. “எழுத வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். தெரியுமா உங்களுக்கு? பேனாவைக் கூடப் பேத்திக்குக் குடுத்துட்டேன். ஏண்ணே?”

முனிரத்தினம் வாயைத் திறந்தார். மேடை, கைதட்டல், ஜரிகை, அந்த உதறல் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஒன்பது வருஷம் ஊறியது வெளிக்காற்றில் வந்தால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அந்தக் கணத்தில் பார்த்துவிட்டார். சின்னது என்பதால் வலிக்காமல் போய்விடவில்லை. “மனசு வரலை சார்” என்றார். “அவ்வளவுதான் சொல்ல முடியும். பாப்பாகிட்ட நானே சொல்லிடறேன். ஃபிளக்ஸை நிறுத்திடலாம். வேலையை விட்டுப் போன்னாலும் போயிடறேன்.”

சிவக்கொழுந்து அங்குமிங்கும் இரண்டடி நடந்தார். அடுக்கின் மேல் கை வைத்தார், எடுத்தார். அடிப்பாரோ என்றுகூட ஒரு கணம் இருந்தது. அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் திரும்பியபோது முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதன் அடியில் இன்னொன்று, பசித்தவன் முகத்தில் தெரிகிற மாதிரி.

“எப்படிண்ணே இருந்துச்சு?”

“என்னது சார்?”

“புத்தகம்.”

முனிரத்தினத்துக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. லட்சம் புத்தகம் கட்டியிருப்பார். கனமா லேசா என்று கேட்டிருக்கிறார்கள், எத்தனை மிச்சம் என்று கேட்டிருக்கிறார்கள். பிரமாதம் என்று சொல்லிவிடலாம். அது ஏழு பேர் சொல்லிவிட்ட சொல். “பஸ்ஸுல கஞ்சி கொட்டற இடத்துல எந்திரிச்சுப் போயிட்டேன் சார். முடியலை” என்றார். சிவக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா நடுவுல கொஞ்சம் அதிகம்.”

சட்டென்று தலை நிமிர்ந்தது. “நடுவுலயா? எங்க?”

பக்க எண் அவருக்கு நினைவில்லை. அடுக்கிலிருந்து ஒரு பிரதியை உருவி, கட்டைவிரலால் தாள்களை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஓட்டி, அந்தக் கனத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினார். “இந்த வக்கீல் சித்தப்பா கதை. இவ்வளவு.”

சிவக்கொழுந்து அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்தார். “அதை எழுதத்தாண்ணே எனக்கு நாலு வருஷம் ஆச்சு.”

“அதான் தெரியுது சார்.”

முன்னறையிலிருந்து சுடர்க்கொடி கூப்பிட்டாள். “சார், பிரிண்டர் லைன்ல இருக்கான். ஏழுன்னு போட்டுடலாமா? சீக்கிரம் சொல்லுங்க!”

சிவக்கொழுந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கதவுப் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

“இரும்மா. இங்க ஒருத்தர் மதிப்புரை சொல்லிட்டிருக்கார்.”